ஸ்கோப்புக்குச் சட்டை தைத்தவள்

என் வீட்டுக்காரர் பொலிஸில் சார்ஜன்ட், நான் தையற்காரி. இப்படி இரண்டு பேர் ஒரு கூரையின் கீழ் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், துப்பாக்கிக்கும் உடுப்புத் தைக்க வேண்டி வரும் என்று சொல்வேன். நான் தைத்திருக்கிறேன். அளவெடுத்து, வெட்டி, ஓரம் மடித்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடியும் தைத்திருக்கிறேன். கல்யாணப் பெண்கள்கூட என்னை அவ்வளவு படுத்தியதில்லை.

மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன்னறையில் என் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை, சாரி பிளவுஸ், அப்புறம் அவருடைய நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் காக்கி உடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, தளர்த்திக் கொடுப்பது என்று வேலை ஓடுகிறது. பெரும்பாலும் தளர்த்திக் கொடுப்பதுதான். உத்தியோகத்தில் ஏற ஏற இடுப்பும் ஏறிவிடுகிறது.

அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து பொலிஸில் சேர்ந்தவர். குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். அதனால்தான் அவர்கள் பிரிவில் இருக்கிற ஒரே ஸ்கோப் துப்பாக்கி அவர் பொறுப்பில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் பொலிஸ் பிரிவுகளுக்கு இடையில் சுடும் போட்டி நடக்கும். மற்றவர்கள் சாதாரணத் துப்பாக்கியால் சுடுவார்கள். ஸ்கோப் துப்பாக்கிக்கு ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் பல வருஷமாக என் வீட்டுக்காரர். போட்டி இல்லாத நாட்களில் அந்தத் துப்பாக்கி பூட்டிய அறையில் தூங்கும். அவர் வீட்டில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஒரு குழாய். அதன் வழியே பார்த்தால் தூரத்தில் குறிக்கு வைத்த அட்டைப் பலகை கிட்ட வந்து நிற்கும். நடுவில் ஒன்றை ஒன்று வெட்டுகிற இரண்டு கோடுகள். இவ்வளவு போதாதா என்றால், போதாது என்பது அவர் கட்சி. அதற்கு மூடி வேண்டும், உறை வேண்டும், ரப்பர் வேண்டும், துடைக்கத் துணி வேண்டும், பனி பிடிக்காமல் பூச மருந்து வேண்டும். பொட்டலம் பொட்டலமாக வந்து இறங்கியது. கொரியர்காரர் எங்கள் வீட்டுக்கு வழி கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஒவ்வொன்றையும் ஓ.ஐ.சி.யிடம், அதாவது நிலையத்துப் பொறுப்பதிகாரியிடம், காட்டி அனுமதி வாங்கித்தான் மாட்டினார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு சாமான் என்று கேட்டால் ஒரே பதில்தான். ஸ்கோப் முன்னைப் போல் இல்லை, மங்குகிறது. மாத்தளை மழை, நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து இறங்குகிற பனி, ஆயுத அறையின் ஈரம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொல்வார். போன வருஷப் போட்டியில் அவர் பின்தங்கியதற்கும் மழைதான் காரணம். அன்றைக்கு வெயில் என்று எனக்கு ஞாபகம்.

கேலி செய்கிறேனே தவிர, அந்தச் சாமான்கள் எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். மழைக்கு உறை நிச்சயம் வேண்டும். முன்கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால் போதும், அட்டைப் பலகை ஊறிப்போன பிஸ்கட் மாதிரி ஆகிவிடுமாம். அதனால்தான் பழைய குடைத் துணியில் நான் முதல் உறையைத் தைத்தேன். வாய்க்கு வெல்க்ரோ வைத்தேன். பிரமாதமாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அதைக் கெடுத்தவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ராணுவக்காரர். இப்போது த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். என்னை நங்கி என்று கூப்பிடுகிற சிங்கள மனிதர். தங்கச்சி என்று அர்த்தம். உறையை வாங்கிப் பார்த்தார், வெல்க்ரோவை ஒரு தரம் சர்ரென்று பிரித்தார், தலையை ஆட்டினார். காட்டில் இந்தச் சத்தம் வயலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும், இதைத் திறக்கிறவன் தான் இருக்கிற இடத்தைத் தானே கூவிச் சொன்ன மாதிரி என்றார். தங்கள் காலத்தில் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு பக்கமும் மாட்டிவிடுவோம், சத்தமும் இல்லை தண்ணீரும் போகாது என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் உடனே என்னைப் பார்த்தார். நான் வெல்க்ரோவைப் பிரித்து இலாஸ்டிக் வைத்தேன். மாத்தளையில் சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் சத்தம் கேட்டு ஓடிப்போக மைனாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் தைத்தேன்.

அடுத்தது கண்ணை வைக்கிற பக்கத்தில் மாட்டுகிற ரப்பர்க் கிண்ணம். அது வருவதற்கு முன்னால் ஒரு நாள் வலது புருவத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டுக் காயத்தோடு வீட்டுக்கு வந்தார். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், கண்ணை மிகக் கிட்ட வைத்தால் குழாயின் விளிம்பு வந்து புருவத்தைக் கடிக்கும். சுடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காயம். அதனாலேயே அக்கம்பக்கத்தில் அலுமாரிக் கதவு பட்டுவிட்டது என்று சொல்லி வைத்தார். எங்கள் அலுமாரியின் மேல் எல்லோருக்கும் கொஞ்ச நாள் பயம் இருந்தது. ரப்பர் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வெளிச்சத்தையும் அது மறைக்கும் என்றார். அது நல்ல சாமான்தான்.

பிறகு தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு வலை. முன்கண்ணாடியில் மாட்டுவதற்கு. வெயில் கண்ணாடியில் பட்டு மின்னாமல் இருக்கவாம். அதைப் பார்த்து நான் சிரித்தபோது ராணுவக்காரர் சிரிக்கவில்லை. தாங்கள் கொசுவலைத் துண்டைக் கட்டிக்கொள்வோம் என்றார். ஒரு நாள் பின்னேர வெயிலில் ஒருவன் கட்ட மறந்துவிட்டான் என்று சொல்லி, அதற்கு மேல் சொல்லாமல் த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு நான் அந்த வலையைக் கேலி செய்வதில்லை. என் வீட்டுக்காரரைத்தான் செய்வேன். அவர் சுடுகிற அட்டைப் பலகை எந்தக் காலத்திலும் திருப்பிச் சுட்டதில்லை.

துப்பாக்கி சாய்ந்திருக்கிறதா என்று காட்ட, உள்ளே நீர்க்குமிழி ஓடுகிற ஒரு சின்னக் குழலும் வந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். என் மெஷின் மேசை ஒரு பக்கம் இறங்கியிருப்பதை அதுதான் காட்டிக் கொடுத்தது. கீழே அட்டை மடித்து வைத்தேன். அன்றிலிருந்து நூல் அறுவதில்லை. அரசாங்கத்துக்குப் பயன்படாதது எனக்காவது பயன்பட்டது.

இந்த வருஷம் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஸ்கோப் துப்பாக்கிக்குத் தன் இடத்தில் வேறு ஆளைப் பழக்கப்போகிறேன் என்று ஓ.ஐ.சி.யிடம் சொன்னார். அந்த ஆள் நிலையத்தில் இருந்த ஒரு இளம் பெண் கான்ஸ்டபிள். வஹகோட்டை ஊர்ப் பெண், சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். வேலைக்கு வந்த நாளிலிருந்து டெலிபோன் மேசையில்தான் உட்கார வைத்திருந்தார்கள். உடுப்புப் பிடிக்க என்னிடம் வருவாள். பொலிஸில் வைக்கிற தமிழ்ப் பரீட்சைக்காக என்னோடு தமிழில் பேசிப் பழகுவாள். ஒரு சொல் வராவிட்டால் நின்று, தேடி எடுத்து, அதன்பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போவாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

அவள் கை ஆடாது என்று என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் புகழ்ந்தார். அவர் ஒருவரைப் புகழ்வது அபூர்வம். என் சாம்பாரையே 'பரவாயில்ல' என்பவர். ஸ்கோப்பில் பழகிய முதல் நாளே அவள் நடுவில் அடித்தாளாம். போட்டியில் தேறினால் அவளைப் பயிற்சிப் பிரிவுக்கு எடுத்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் மறுபடியும் டெலிபோன் மேசைதான், அதிலிருந்து எழுந்திருக்க வேறு வழியும் இல்லை. இதை என் முன்னறையில் காற்சட்டை நீளம் பார்க்க நின்றபடி அவளே சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் உரிய நாள். என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு ஒரு ஏக்கம் இருக்கும், ஏனென்றால் அவர் ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் பூஜைக்குப் பிறகு அவரைத்தான் உள்ளே வைப்பார்கள். இந்த வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்தமாக வாங்கிய சாமான்கள்தானே என்று ரப்பர்க் கிண்ணத்தையும் மூடிகளையும் உறையையும் துடைக்கிற தூரிகையையும் கழற்றிக் கொண்டுவந்து, என் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் இப்படி ஒரு கூட்டம் அதுவரை கூடியதில்லை.

நான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மூடிகள் கவிழ்ந்து கிடந்ததா நிமிர்ந்து கிடந்ததா என்று எனக்கு என்ன தெரியும். உட்பக்கத்தில் வைத்துவிட்டேன். மறுநாள் அவர் அதை அப்படியே கொண்டுபோய் ஸ்கோப்பில் மாட்ட, முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் நல்ல பொட்டு விழுந்துவிட்டது.

அன்று அவர் முகம் சிவந்து வருவார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, சிரித்துக்கொண்டு வந்தார். சந்தனத்தைப் போக்க உட்கார்ந்து ஸ்கோப்பை அங்குலம் அங்குலமாகத் துடைத்தாராம். கண் வைக்கிற பக்கத்தில் ஒரு வளையம் உண்டு. ஸ்கோப் கொழும்பிலிருந்து வந்த நாளிலிருந்து யாரும் தொடாமல் அது இறுகிப்போய் இருந்தது. துடைக்கும்போது அது சுழன்றதாம். சுழலச் சுழல, மங்கல் எல்லாம் போய்ப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்ததாம். வருஷக்கணக்கில் இப்படித் தெரிந்ததே இல்லை, புது ஸ்கோப் மாதிரி இருக்கிறது, எல்லாம் பூஜையின் ராசி என்றார். ஓ.ஐ.சி.யைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவரும் பார்த்துவிட்டு, ஆகா, மிகத் தெளிவு என்று முதுகில் தட்டிக் கொடுத்தாராம். இனி யாரும் அதை அசைக்கக்கூடாது என்று வளையத்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் ரப்பர்க் கிண்ணத்தையும் மாட்டிவிட்டு வந்திருந்தார். நான் வைத்த சந்தனத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த பயிற்சியில் அந்தப் பெண்ணின் குறி தப்பியது. கொஞ்சமல்ல, நிறையவே தப்பியது. மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார், பளிச்சென்று இருந்தது. அவசரப்படாதே, மூச்சை விட்டுவிட்டுச் சுடு என்றார். அதற்கடுத்த பயிற்சியிலும் அதே கதை. இந்தத் தடவை ஓ.ஐ.சி.யும் வந்து பார்த்தார். அவருக்கும் பளிச். இரண்டு பெரியவர்கள் பார்த்து நன்றாகத் தெரிகிறது என்று சொன்ன பிறகு கோளாறு எங்கே இருக்க முடியும்? டாக்டரிடம் கண்ணைக் காட்டிச் சர்ட்டிபிகேட் கொண்டுவா, போட்டிக்கு ஆள் எடுக்கிற தெரிவு நாளுக்குள் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன் என்று ஓ.ஐ.சி. சொல்லிவிட்டார்.

அவள் போகவில்லை. கண் சரியில்லை என்று எழுத்தில் வந்துவிட்டால் போட்டி மட்டுமல்ல, வேலைக்கே பிரச்சினை வரும் என்ற பயம். இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. மெஷினில் கிடந்த துண்டுத் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் மேசையில் உட்கார்ந்துகொண்டு அறிவித்தல் பலகையைப் படித்துப் பார்க்கிறாளாம், எழுத்துத் தெரிகிறதா என்று. தெரிகிறது, ஆனாலும் சரியாகத்தான் தெரிகிறதா என்று தெரியவில்லை என்றாள்.

எனக்கு அது பொருந்தவே இல்லை. அன்றைக்கு அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, என் மெஷினுக்கு அடியில் ஒரு குண்டூசி கிடக்கிறது என்று காட்டியவள். நான் தையலுக்கு மட்டும் போடுகிற மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழங்காலில் தேடித்தான் அதை எடுத்தேன். இந்தக் கண்ணிலா கோளாறு?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாவம்தான், என்ன செய்வது, இந்த வருஷமும் நானே சுட வேண்டியதுதான் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அந்த வருத்தத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததையும் நான் கண்டேன். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? புது ஸ்கோப் மாதிரி ஆன ஸ்கோப்பில் ஒரு தரமாவது சுட்டுப் பார்க்க ஆசை.

தெரிவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் உடுப்பை எடுக்க வந்தாள். எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஒரு மலைச்சரிவு, மிளகுக்கொடி ஏறிய மரங்கள், நடுவில் ஒரு வீடு. அதைப் பார்க்க ஜன்னல் கட்டையில் ஒரு பைனாகுலர் கிடக்கும். அதுவும் கொரியரில் வந்ததுதான். என் வீட்டுக்காரர் அதை வைத்துக்கொண்டு, குரங்குகள் அந்த வீட்டுப் பலாமரத்தை என்ன செய்கின்றன என்று அறிவித்துக்கொண்டிருந்தார். அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, இந்தா நீயும் பார் என்று நீட்டினார். அவள் தயங்கித் தயங்கித்தான் வாங்கினாள். கண்ணில் வைத்த உடனே எடுத்துவிட்டாள்.

இதிலும் மங்கலாகத்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா, நான் சொன்னேனே என்கிற பார்வை. நான் பைனாகுலரை அவள் கையிலிருந்து வாங்கி என் கண்ணில் வைத்தேன். எனக்கும் மங்கல். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர் பார்த்து முடித்த பிறகு எனக்கு எப்போதும் மங்கல்தான். மோட்டார் சைக்கிள் கண்ணாடியை ஆளுக்கு ஆள் திருப்பி வைத்துக்கொள்கிற மாதிரி, நடுவில் இருக்கிற சக்கரத்தை நான் என் பக்கம் திருப்பிக்கொள்வேன், அவர் மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அதைப் பற்றி நாங்கள் பேசியதுகூட இல்லை.

அன்றைக்கும் என் விரல் தன்பாட்டில் சக்கரத்தைத் திருப்பியது. மலை தெளிந்தது. அப்போதுதான் என் விரல் அப்படியே நின்றது.

பைனாகுலரை அவளிடம் திரும்பக் கொடுத்தேன். வேண்டாம் அக்கா என்றாள். பாரு என்றேன். வைத்தாள். எடுக்கவில்லை. வைத்த கண் வைத்தபடியே நின்றாள். பிறகு சிங்களத்தில், அந்த வீட்டுத் துணிக்கொடியில் காய்கிற லுங்கிச் சாரத்தின் கட்டம் என்ன நிறம், கோடு என்ன நிறம், பக்கத்தில் காய்கிற பெனியனில் எந்த இடத்தில் கிழிசல் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். தமிழ்ப் பயிற்சி எல்லாம் மறந்துவிட்டது.

நான் சக்கரத்தைத் தொடாமல் அதை வாங்கி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"இத என்ன பண்ணுனீங்க ரெண்டு பேரும்? ஒண்ணுமே தெரியல" என்றார்.

"ஒண்ணும் பண்ணலங்க. அது அவ கண்ணுக்கு வச்சிருக்கு. எனக்கும் அப்படித்தான் தெரியும். ஒங்க கண்ணுக்குத்தான் அது சரிவராது."

அவர் சக்கரத்தைத் தன் பக்கம் திருப்பினார். பார்த்தார். எங்கள் பக்கம் திருப்பினார். பார்த்தார். மறுபடியும் தன் பக்கம். கூரையில் மழை விழ ஆரம்பித்தது. கொடியில் கிடந்த துணிகளை அந்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்து எடுத்திருப்பார்கள், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக அவர் கைப்பேசியை எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்கிறார், பஸ்ஸின் பெயர்ப்பலகையை நான் வாசித்துச் சொல்லும் வரை கையை நீட்டாமல் நிற்கிறார் என்பதெல்லாம் எனக்கு வரிசையாக வந்து நின்றது. மழையும் பனியும் ஈரமும் இல்லை. ஸ்கோப் மங்கவே இல்லை. மூடி, மருந்து, துணி என்று அவர் வாங்கிக் குவித்ததில் பாதி, அவருடைய கண்ணில் இருந்த மங்கலைக் குழாயில் துடைக்கத்தான். வளையம் சுழன்றபோது ஸ்கோப் அவர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிட்டது. கண்ணாடி தேவையில்லாத பிள்ளைக்கு அதே கண்ணாடியை மாட்டி, டேப்பும் ஒட்டி, குறி தப்புகிறது என்று சொல்லியிருக்கிறோம்.

"அப்ப அந்த டேப்பு..." என்று ஆரம்பித்தார்.

அவளும் புரிந்துகொண்டாள். அப்போதுதான் அழுதாள், நான் தேய்த்து மடித்து வைத்திருந்த காக்கிக் காற்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் காட்ட முடியாததால் தேநீர் போடப் போனேன்.

மறுநாள் நிலையத்தில் நடந்ததை அவர் அரைகுறையாகச் சொன்னதையும் அவள் முழுதாகச் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அவர் போன உடனே டேப்பை உரித்திருக்கிறார். ஓ.ஐ.சி.யிடம், சேர், ஸ்கோப்பிலும் கோளாறு இல்லை, பிள்ளையின் கண்ணிலும் கோளாறு இல்லை, கோளாறு என் கண்ணில் என்று சொல்லியிருக்கிறார். ஓ.ஐ.சி. நம்பவில்லை. அதெப்படி, நானும் பார்த்தேனே, எனக்கும் தெளிவாகத் தெரிந்ததே என்றாராம். என் வீட்டுக்காரர் ஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்தியிருக்கிறார். ஓ.ஐ.சி. வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி நெடுநேரம் பார்த்தாராம். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, டவுனில் கண்ணாடி எங்கே நன்றாகப் போடுவார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

தெரிவு நாளில் அவள் வளையத்தைத் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு சுட்டாள். விழுந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து மூடிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஸ்கோப் துப்பாக்கிக்கு அவள் பெயரையே எழுதினார்கள். அவர் சுடவில்லை. நான் இனிப் பழக்குகிற வேலையைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அன்றைக்கு ஒரு பொழுது முழுக்க நான் அவரைக் கேலி செய்யவில்லை. மறுநாளிலிருந்து செய்தேன். கண்ணாடி போட்டதும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி ஆகிவிட்டார். அதற்கும் ஓர் உறை தைத்துத் தரட்டுமா, மழைக்கு உதவும் என்று கேட்டேன்.

போட்டிக்குப் போவதற்கு முன் அவள் ஒரு நாள் வந்தாள். வஹகோட்டையிலிருந்து அம்மா சுட்டு அனுப்பிய கொக்கிஸ் பலகாரம் ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் நல்ல மனதோடு இருந்தோம். என் வீட்டுக்காரர் கொக்கிஸைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் பெரியவர் தோரணையில் அவளைக் கேட்டார்.

"நீ ஏன் அடிச்சுப் பேசல? மங்கல்னா மங்கல்தான்னு நின்னுருக்கணும். பொலிஸ்ல இருந்துக்கிட்டு இப்புடி விட்டுக் கொடுத்தா எப்புடி?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"ரெண்டு தடவ சொன்னேன் சேர். நீங்க தெளிவா இருக்குன்னு சொன்னீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதனால என் கண்ணத்தான் நான் நம்பல. பொறகு எனக்கு ரோட்டு கடக்கப் பயம். பஸ் தூரத்துலயா, கிட்டவான்னு என் கண்ணு சொல்றது சரியான்னு தெரியாது. பக்கத்துல நிக்கிற ஆள் கடக்குற வரைக்கும் நிப்பேன். அவங்க பின்னாலதான் போவேன்."

என் வீட்டுக்காரர் கொக்கிஸைக் கீழே வைத்தார். அவளே பேச்சை மாற்றினாள், நாங்களும் மாற்றினோம்.

அவள் புறப்பட்டபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பெரிய வீதியில் இரண்டு பக்கமும் லொறியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. அவர் கையைக் காட்டி வாகனங்களை நிறுத்தி, அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டு, பஸ் வரும் வரை கூடவே நின்றார். அது அவளுக்கு இனித் தேவையில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.